வாழ வந்த துரைசானி

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் இங்கிலாந்து தேசத்தில் இரண்டு சரக்குகள் ஏராளமாக உற்பத்தியாயின. ஒன்று, நம்முடைய நெசவாளிகளின் வயிற்றில் அடித்த மான்செஸ்டர் துணி. மற்றொன்று, விசித்திர மனிதர்கள்.

இந்த இரண்டாவது சரக்கு அங்கே அவ்வளவு செழிப்பாக விளைந்ததற்குக் காரணம் உண்டு. தேநீர்க் கோப்பையை எந்த விரலால் பிடிப்பது, விருந்துக்கு எந்தத் தொப்பி போடுவது, துக்கத்துக்கு எத்தனை மாதம் கறுப்பு உடுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் வகுத்து வைத்திருந்த சமூகம் அது. சட்டம் எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கமோ, அதை மீறுகிறவனும் அவ்வளவுக்கு அவ்வளவு எடுப்பாகத் தெரிவான் அல்லவா?

எட்வர்ட் லியர் என்பவரைப் பாருங்கள். 1846-ஆம் வருஷம் அவர் மகாராணிக்கே சித்திரம் எழுதக் கற்றுக் கொடுத்தார். அதே வருஷத்தில், தலையும் காலும் இல்லாத வேடிக்கைப் பாட்டுக்களை அச்சிட்டு இங்கிலாந்துக் குழந்தைகளை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். வாழ்நாள் முழுவதும் கல்யாணம் இல்லை. ஓரிடத்தில் நிலையாக இருப்பதென்பதும் இல்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1873-இல் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் வடக்கும் தெற்கும் சுற்றிப் படம் எழுதிக்கொண்டு, 1875-இல் ஊர் திரும்பினார்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். ஊர் திரும்பினார். வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கலெக்டரும் திரும்பினார், காப்பித் தோட்டத்துத் துரையும் திரும்பினார், பென்ஷன் வந்ததும் கவர்னரும் திரும்பினார். ஆனால் திரும்பிப் போகாத ஒரு விக்டோரியா காலத்துப் பெண்மணி நம் கொல்லிமலையில் இருந்தார். அவரும் படம் எழுதுகிறவர்தான். அவரும் சட்டத்துக்கு அடங்காதவர்தான். லியர் தம் வேடிக்கையைப் புத்தகத்தில் எழுதினார். இந்த அம்மாள் தம்முடைய வாழ்க்கையையே அப்படி எழுதினார். அவர் பெயர் ஈவ்லின் பிராண்ட். மலையைத் தெரிந்தவர்களுக்குப் பிராண்ட் பாட்டி.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நாமக்கல் ஜில்லாவில், சமவெளியிலிருந்து மதில் எழுப்பினாற்போல் நிற்பது கொல்லிமலை. உயரம் ஏறக்குறைய 4,000 அடி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அறப்பளீசுவரர் கோயில் கொண்ட மலை. அய்யாறு ஆகாய கங்கையாக விழும் மலை. கண்டவர் மனத்தை மயக்கி உயிரைப் பறிக்கும் கொல்லிப் பாவை என்ற தெய்வம் இங்கே உறைகிறாள் என்று நம் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள்.

மலைமேல் வசிக்கும் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையையே ஆளுகிறவர்கள். காஞ்சீபுரத்திலிருந்து தங்கள் முன்னோர்கள் மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்று மலையைப் பல நாடுகளாகப் பிரித்துக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மோட்டார் பஸ் மேலே போகிறது. அந்தக் காலத்தில் ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போவார்கள்.

பழைய பாட்டில் கொல்லிப் பாவை கொன்றாள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அங்கே கொன்றவள் பாவை அல்ல; கொசு. கொல்லிமலைக்குப் போனால் மலைக் காய்ச்சல் வரும் என்று கீழே உள்ள ஜனங்கள் நடுங்கினார்கள். அவர்கள் அச்சம் வீண் அச்சம் அல்ல. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் என்ற வைத்தியர் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த செய்தி மலையேறுவதற்குப் பல வருஷங்கள் ஆயின. நல்ல செய்திகளுக்கு டோலி கிடைப்பது எப்போதுமே கஷ்டம்.

ஈவ்லின் ஹாரிஸ் 1879-ஆம் வருஷம் லண்டனில் பிறந்தவர். நிறையக் குழந்தைகள் உள்ள வசதியான வீடு. நல்ல துணிமணி, நல்ல சாப்பாடு, ஓவியப் பயிற்சி - ஒன்றுக்கும் குறைவில்லை. இருபத்தொரு வயது வரையில் மகாராணியின் பிரஜையாக வளர்ந்தார். குடும்பத்தாரின் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை: இங்கிலாந்தில் அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற திருச்சபை ஒன்று உண்டு. அதற்கு அடங்க மாட்டோம் என்று தனியே நின்ற கூட்டங்களும் உண்டு. ஈவ்லின் அப்படி அடங்காத பாப்டிஸ்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே, அடங்காமை அவருக்குப் பிறப்பிலேயே கிடைத்த சீதனம்.

முப்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அன்றைய லண்டன் சமூகம் ஒரே வேலையைத்தான் ஒதுக்கி வைத்திருந்தது: ஜன்னலோரம் உட்கார்ந்து பூ வேலை செய்வது. இந்தப் பெண்ணோ, தம் மதத்தைப் பரப்பும் ஊழியத்தை ஏற்றுக்கொண்டு சென்னைக்கு வந்து, தமிழ் படிக்க உட்கார்ந்தார். அந்த ஊழியத்திலேயே 1907-இல் வந்து சேர்ந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். தொழிலால் கட்டட வேலைக்காரர். கப்பலேறுமுன் கொஞ்சம் வைத்தியமும் படித்திருந்தார். அவருடைய மனம் முழுவதும் கொல்லிமலையில் இருந்தது. 1913-இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

பெரிய இடத்துப் பெண்கள் கல்யாணம் ஆனதும் சுவிட்சர்லாந்துக்கு உல்லாசப் பிரயாணம் போன காலம் அது. இந்தத் தம்பதிகள் நேரே மலையேறினார்கள். போய்ச் சேர்ந்த நாட்டின் பெயர் வாழவந்தி. நம் வீடுகளில் மருமகளை "வாழ வந்தவள்" என்று சொல்வதில்லையா? லண்டன் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயருள்ள புக்ககம் யாராலும் தேடிக் கொடுத்திருக்க முடியாது.

வீட்டைப் புருஷன் கீழே சேந்தமங்கலத்திலேயே செய்து வைத்திருந்தார். மரச் சட்டங்களையும் பலகைகளையும் அளவெடுத்து அறுத்து, பகுதி பகுதியாகத் தலைச்சுமையில் மேலே ஏற்றிப் பொருத்தினார். அந்த வீட்டில்தான் 1914-இல் பால் என்ற பிள்ளையும், பிறகு கானி என்ற பெண்ணும் வளர்ந்தார்கள்.

மதம் பரப்ப வந்தவர்கள் அவர்கள். இதை மறைத்துப் பேசுவதில் லாபம் இல்லை. அறப்பளீசுவரரும் ஊர்த் தெய்வங்களும் இருக்கும் மலையில் இன்னொரு தெய்வத்தைக் கொண்டுவருவானேன் என்று நம்மில் பலருக்குத் தோன்றும். மலை ஜனங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. வருஷக் கணக்கில் இவர்கள் உபதேசத்தை யாரும் ஏற்கவில்லை. ஆனால் பல் வலித்தால் வந்தார்கள். புண் வந்தால் வந்தார்கள். பிரசவத்தில் ஆபத்து என்றால் ஓடி வந்தார்கள். உபதேசத்துக்குக் காது கொடுக்காத ஊர், பல்லைப் பிடுங்க வாயைத் திறந்தது.

அந்த நாளில் மலையிலிருந்த ஒரு நோயைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி என்று அதற்குப் பெயர். குளத்திலும் படிக்கிணற்றிலும் உள்ள நீரில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு பூச்சி ஒன்று இருக்கும். அதன் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவன் உடம்பில் புழு ஒரு வருஷ காலம் வளர்ந்து, மூன்றடி நீளம்கூட ஆகும். பிறகு பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் அவன் காலைத் தண்ணீரில் வைப்பான். அந்தக் கணமே புழு ஆயிரக் கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். படியில் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு குடம் மொள்ளும் கிணறு இருக்கிற வரையில் இந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

வைத்தியம் என்ன? புழுவை இழுத்து அறுத்துவிட்டால் உள்ளே இருக்கும் பாதி சீழ் பிடித்துக் காலையே கெடுத்துவிடும். ஆகவே, ஒரு குச்சியில் புழுவின் தலையைச் சுற்றி, நாளுக்குச் சில அங்குலமாக, பொறுமையோடு, பல நாட்கள் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் இதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் சிறுவன் பால். தகப்பனார் அதோடு நிற்கவில்லை. காலை உள்ளே வைக்க முடியாதபடி கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லி ஜனங்களிடம் மன்றாடினார். கட்டட வேலைக்காரர் அல்லவா? தாமே கல் அடுக்கினார். மரவேலை கற்பித்தார், பட்டுப் பூச்சி வளர்க்கக் கற்பித்தார், பள்ளிக்கூடங்கள் வைத்தார்.

முதல் மகாயுத்தம் முடிந்த சமயத்தில் உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. அந்த மலையில் பூசாரி ஒருவர் இருந்தார். பிராண்டுகளை மிகவும் எதிர்த்தவர் அவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் காய்ச்சல் கண்டது. பயத்தினால் யாரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மிதித்தவர்கள் பிராண்ட் தம்பதிகள்தான். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் பச்சைக் குழந்தையை எதிரியின் கையிலேயே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு ஈவ்லின் அதை வளர்த்தார். உபதேசத்துக்கு மனம் திறவாத ஊர், இந்த ஒரு காரியத்துக்குப் பிறகு திறந்தது. தர்க்கத்தால் வெல்ல முடியாததை ஒரு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள் வென்றுவிட்டாள்.

1923-இல் குழந்தைகளைப் படிப்புக்காக லண்டனுக்கு அழைத்துப் போய், ஈவ்லினின் சகோதரிகளிடம் விட்டுவிட்டு, தம்பதிகள் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது வயது ஒன்பது. தகப்பனாரை அவன் பிறகு பார்க்கவே இல்லை. 1929-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஜெஸ்ஸி பிராண்டுக்கு மலேரியாவின் முற்றிய ரூபமான கருநீர்க் காய்ச்சல் வந்தது. இரத்தத்தின் அணுக்கள் உடைந்து நீர் கறுத்துப் போகும் பயங்கர நோய் அது. வயது 44. வாழவந்தியிலேயே புதைத்தார்கள்.

மரணச் செய்தி தந்தியில் லண்டனுக்குப் பறந்தது. ஆனால் அவர் உயிரோடிருந்தபோது மகனுக்கு எழுதிய கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. தகப்பனார் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், மலையில் பூத்த பூவைப் பற்றியும் பார்த்த மரத்தைப் பற்றியும் அவர் கையெழுத்தில் கடிதங்கள் வந்தன. அந்தப் பிள்ளை அவற்றை எப்படிப் படித்திருப்பான் என்பதை, பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்திருக்கும் நம் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பது வயது விதவை. குழந்தைகள் லண்டனில். புருஷன் மண்ணுக்குள். இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஈவ்லினைப் பார்த்தவர்கள், இந்த மனுஷி இனித் தேற மாட்டாள் என்றே நினைத்தார்கள். சமூகம் மறுபடியும் ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டியது. அவர் மறுபடியும் கப்பலேறினார்.

இங்கிருந்துதான் கதையின் வேடிக்கைப் பகுதி ஆரம்பமாகிறது. திரும்பி வந்தவரை ஊழிய ஸ்தாபனத்தார் மலைக்கு அனுப்பவில்லை. தனியாக ஒரு விதவை, வயதும் ஆகிவிட்டது, அதுவும் புருஷனைக் கொன்ற மலை. கூடவே கூடாது என்று சமவெளியில் வேலை கொடுத்தார்கள். கொடுத்த வேலையை அம்மாள் செய்தார். ஆனால் லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறிவிடுவார். மற்றத் துரைசானிகள் கோடைக்குக் கோடைக்கானலுக்கும் உதகைக்கும் போனால், இவர் கொல்லிமலையில் கூடாரம் அடிப்பார். புருஷனும் தாமும் சேர்ந்து கண்ட ஒரு கனவு அவருக்கு இருந்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று அக்கம் பக்கத்தில் உள்ள ஐந்து மலைத் தொடர்களிலும் ஊழியத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதே அது. பத்து வருஷம் போயிற்று, இன்னும் சில வருஷங்களும் போயின, கனவு போகவில்லை.

ஏறக்குறைய 68 வயதில், ஓய்வு பெற வேண்டிய காலம் வந்தது. இன்னும் ஒரு தவணை வேண்டுமென்று கேட்டார். முடியாது என்றார்கள். ஒரே ஒரு வருஷமாவது கொடுங்கள், அது முடிந்ததும் உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று கெஞ்சினார். சரி, கிழவி ஊருக்குப் போகுமுன் ஆசை தீர ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அரை மனதோடு இணங்கினார்கள். அந்த ஒரு வருஷத்தில் அம்மாள் சத்தமில்லாமல் மலைமேல் குடியிருப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டார்.

வருஷம் முடிந்தது. சிநேகிதர்கள் கூடி வழியனுப்பு உபசாரம் நடத்தினார்கள். அப்போதுதான் அம்மாள் தம் ரகசியத்தை வெளியிட்டார்: ஓய்வு பெறுவது வாஸ்தவந்தான், ஆனால் ஸ்தாபனத்திலிருந்து மட்டுமே ஓய்வு. லண்டனுக்குப் போகப் போவதில்லை. கொல்லிமலைக்குப் போகப் போகிறார்! இனி அவர் யாருக்கும் உத்தியோகஸ்தர் அல்ல. ஆகவே யாரும் தடுக்க முடியாது. தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வார்த்தையை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிவிட்டார். எழுபதை எட்டிப் பிடிக்கப் போகும் ஒருவர், பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல, பெரியவர்களை இப்படி ஏமாற்றியதை நினைத்து நான் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன்.

இது நடந்த காலம் எது என்று நினைக்கிறீர்கள்? 1947-ஆம் வருஷத்தை ஒட்டி!

நேயர்களே, அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதி நாம் கொடியேற்றினோம். துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் பெட்டி பேழைகளோடு வரிசையில் நின்றார்கள். இருநூறு வருஷமாக ஆண்டவர்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரே ஒரு வெள்ளைக்காரக் கிழவி எதிர்த் திசையில், கீழிருந்து மேலே, ஏறிக்கொண்டிருந்தார். "வெள்ளையனே, வெளியேறு" என்று நாம் சொன்னது ஆள வந்தவர்களை. வாழ வந்தவளை நாமும் போகச் சொல்லவில்லை. மலையும் போகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் அவர் மலையில் இருந்தார். சிறிய வீடு. மலைக் குதிரைமேல் ஏறி ஊர் ஊராகப் போவார். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் உபதேசம். தாயில்லாக் குழந்தை கிடைத்தால் எடுத்து வளர்ப்பார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது. தேறி மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தபோது மலையிலிருந்து இறக்கி, குலுங்கும் ஜீப்பில் ஏற்றி வேலூருக்குக் கொண்டு போனார்கள். கால்கள் பலம் இழந்த பிறகு கைக்கு ஒன்றாக இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

முகம் சுருங்கிச் சுருங்கி வரைபடம் போல் ஆயிற்று. கடைசி இருபது வருஷமும் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ள மாட்டேன் என்று விட்டார். லண்டனில் பட்டுடுத்தி வளர்ந்த பெண், சித்திரம் எழுதத் தெரிந்த பெண், அழகு என்றால் என்ன என்று அறிந்தவர். தம் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் மலையைப் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களைக் கண்ணாடியை உடைக்கச் சொல்ல நான் துணிய மாட்டேன். எனக்கு வீட்டில் சாப்பாடு வேண்டும். ஆனால் இதைப் போல் துணிச்சலான அலங்காரத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அவருடைய பிள்ளை பால் இதற்குள் பெரிய சர்ஜனாகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. அவ்விரல்கள் வலி தெரியாததால்தான் சுட்டும் வெட்டியும் நைந்தும் குறைகின்றன என்பதை டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். மடங்கிப் போன கைகளை, நல்ல தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மறுபடி நிமிர வைத்தார்கள். உலகெங்கும் பேர் பெற்ற அந்த வைத்தியம் நம் வேலூரில் பிறந்தது. கிணற்றடியில் தகப்பனார் புழுவைக் குச்சியில் சுற்றிய பொறுமையை நேரில் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

உலகத்துக்கெல்லாம் வைத்தியம் சொன்ன அந்த மகனால் தாயாருக்கு மட்டும் சொல்லி முடியவில்லை. எழுபத்தைந்து வயதில் இடுப்பு ஒடிந்தவள் தனியாக மலைமேல் இருக்கலாமா, கீழே வந்துவிடம்மா என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். காய்ச்சல், எலும்பு முறிவு என்று ஜாபிதாவே போட்டுக் காட்டினார். தாயார் அசையவில்லை. நான் இறங்கிவிட்டால் இந்த ஜனங்களின் புண்ணுக்கு மருந்து போடுவது யார், பல்லைப் பிடுங்குவது யார் என்று திருப்பிக் கேட்டார். என் இடத்துக்கு ஒருவர் வரட்டும். அன்றைக்கே இறங்குகிறேன் என்றார். உபயோகமில்லாமல் பத்திரப்படுத்தி வைப்பதற்கா இந்தக் கிழட்டு உடம்பு என்பது அவர் வாதம். சர்ஜன் தோற்றார்.

1974-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், 95-ஆவது வயதில், பிராண்ட் பாட்டி காலமானார். மரப்பெட்டி இல்லாமல் சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, மண்ணோடு மண்ணாகும்படி, வாழவந்தியில் கணவரின் மலை மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். விக்டோரியா காலத்துச் சவ ஊர்வலங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கறுப்புக் குதிரைகள், இறகு வைத்த வண்டி, பித்தளைப் பிடி போட்ட பெட்டி என்று வாழ்நாள் சம்பாத்தியத்தையே புதைப்பார்கள். மகாராணியின் சட்டத்தை மீறப் பிறந்தவர், கடைசிச் சட்டத்தையும் மீறிவிட்டுப் போனார்.

அன்று முதல் மலை எவ்வளவோ மாறிவிட்டது. நரம்புச் சிலந்தி 1996-க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் வரவில்லை. நம் தேசம் அந்த நோயை ஒழித்துவிட்டது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2000-இல் அத்தாட்சி கொடுத்தது. இதற்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்பதுதான் ஆச்சரியம். தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் செய்ததும், படிக்கிணறுகளை மூடி இறைகிணறுகள் ஆக்கியதும், கிராமம் கிராமமாக ஆட்கள் போய் விசாரித்ததுந்தான் வைத்தியம். சுதந்திர இந்தியாவின் பெருமைகளில் இதையும் ஒன்றாக நாம் எண்ணிக்கொள்ளலாம். ஜெஸ்ஸி பிராண்ட் தம் கையால் கல் அடுக்கிச் சொன்ன அதே விஷயத்தைத்தான் ஒரு தேசம் முழுவதும் செய்து காட்டியது.

மலையில் சாலை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் வந்துவிட்டன. கோடையில் நாமும் குடும்பத்தோடு போகிறோம். அன்னாசிப் பழமும் பலாப் பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியது என்பதைத் திரும்பி வந்து ஒரு வாரம் பேசுகிறோம்.

பாட்டியின் மதம் நம்மில் பலருக்கு வேறு. அவர் கொண்டுவந்த உபதேசத்தோடு ஒத்துப் போகாதவர்கள் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அவர் மகனிடம் போட்ட நிபந்தனை மதத்தைப் பற்றியது அல்ல. என் இடத்துக்கு ஒருவர் வரட்டும் என்று அவர் கேட்ட ஆள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். அறப்பளீசுவரரைக் கும்பிடுகிற டாக்டரும் பல் பிடுங்கலாம். கொல்லிப் பாவைக்குப் பொங்கல் வைக்கிற உபாத்தியாயரும் மலைக் குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம்.

நம் வீடுகளில் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கிறார்கள். உபாத்தியாயர் பரீட்சை எழுதுகிறார்கள். மலைக்கு மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்கிறோம்? யாரைப் பிடித்தால் ரத்தாகும் என்று விசாரிக்கிறோம். தண்டனைக்கு என்றே மலையும் காடும் படைக்கப்பட்டன என்பது போல் நடந்துகொள்கிறோம். வெள்ளைக்காரர்கள் போன பின் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகள் ஒவ்வொன்றுக்கும் நம்மவர்கள் ஆயிரம் பேர் போட்டியிட்டார்கள். கலெக்டர் நாற்காலிக்கு ஆள் பஞ்சமில்லை. கவர்னர் நாற்காலிக்கும் பஞ்சமில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு அந்தக் கிழவி நின்ற இடத்துக்கு மட்டும் போட்டி அதிகம் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ அடுத்த தடவை மலைப் பக்கம் உத்தியோகம் என்ற கடிதத்தோடு முகம் வாடி வந்து நின்றால், சிபாரிசுக்கு ஓடுமுன் இந்தக் கதையை ஒரு தடவை சொல்லுங்கள். பல் வலிக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.